ஓர் அப்பளம் ஆயிரம் ரூபாய்

தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் வங்கிக் கணக்கை எத்தனையோ விதமாகக் கையாள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை எண்ணெயில் போட்டுப் பொரித்து, ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தவர் கேரியர் மதினி ஒருவர்தான்.

எதையும் முதலில் வரிசையாகச் சொல்லிவிட்டால்தான் எனக்கு மனம் அடங்கும். ஆகவே நடந்தது இது:

1. ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த சாப்பாட்டோடு, ஒரு பெரிய தகர டின் நிறைய அப்பளமும் வந்தது.

2. நாங்கள் பதினொரு பேர். இத்தனை அப்பளம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டோம்.

3. மூன்று மணிக்குக் கேரியர் மதினி பட்டுச் சேலையோடு படியேறி வந்தார். டின்னைத் திறந்து பார்த்தார். அடியில் தூள்தான் கிடந்தது.

4. "எல்லாத்தையுமா தின்னுட்டிய?" என்று கேட்டுவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

5. நாங்கள் தின்றது அவருடைய செக் கணக்கையும் கிரெடிட் கார்டு கணக்கையும் என்பது அப்போது தெரிந்தது.

ஐந்தாவது எண்ணுக்கு விளக்கம் தேவை. அதற்கு மதினியைத் தெரிந்தாக வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு பில் போடும் மென்பொருளை அங்கே உட்கார்ந்து எழுதினோம். கீழே யூரியா வாசனை, மேலே ஏ.சி. குளிர். மதியச் சாப்பாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும். சமைத்து அனுப்புகிறவர் மதினி. பள்ளிக்கூடம், வங்கி, அலுவலகம் என்று எழுபது இடங்களுக்கு அவருடைய கேரியர்கள் போய்வந்தன. அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது என்று சொல்வார்கள். மற்ற இடங்களில் எல்லாருக்கும் அவர் அண்ணி முறையில் மதினிதான். ஒருநாள் அவருடைய வீட்டுக்காரரே வாய் தவறி "மதினி" என்று கூப்பிட்டுவிட, அன்று அவருக்கு மட்டும் மோர் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் கேரியரைத் திறந்து பார்த்தே சாப்பிட்டவருடைய குடும்ப நிலவரத்தைச் சொல்லிவிட முடியும் என்று மதினி நம்பினார். கூட்டு மிச்சம் வந்தால் மனக்கஷ்டம். சோறு மிச்சம் வந்தால் காய்ச்சல். இரண்டும் மிச்சம் வந்தால் காதல். ஒருமுறை என் பக்கத்து இருக்கை ரஹ்மத், பல்வலியால் கேரியரைத் தொடாமல் திருப்பி அனுப்பினாள். அன்று சாயங்காலமே மதினி மேலப்பாளையத்துக்கு, ரஹ்மத்தின் உம்மாவுக்கு போன் போட்டுவிட்டார்.

"பிள்ளை சோறும் திங்கலை, கூட்டும் திங்கலை. வீட்ல பைய விசாரிங்க. நான் சொன்னேன்னு சொல்லாதிய."

உம்மா பைய விசாரிக்கவில்லை. ரஹ்மத்துக்குப் பல்வலியோடு தலைவலியும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு கொள்கையும் அவருக்கு உண்டு. சாப்பிடாத சோற்றுக்குக் காசு வாங்க மாட்டார். நாம் லீவு போட்ட நாளைச் சொல்ல மறந்தாலும், மாதக் கடைசியில் அவரே கழித்துவிடுவார். மூன்று வருஷத்தில் அவருடைய பில்லில் ஒரு பிழையைக்கூட நான் கண்டதில்லை. பில் போடும் மென்பொருள் எழுதுகிற எங்களால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

அப்படிப்பட்டவரைக் கவிழ்க்கப் பார்த்தது ஒரு கிரெடிட் கார்டு. வங்கியில் யாரோ ஒரு புண்ணியவான் சிரித்த முகத்தோடு அதைக் கொடுத்துவிட்டார். முதல் மாதம் மதினி மளிகை மொத்தக் கடையில் தாராளமாகத் தேய்த்தார். தேய்த்த பிறகும் வங்கி இருப்பு அப்படியே இருக்கக் கண்டு மகிழ்ந்து, புதிதாக ஒரு கிரைண்டரும் வாங்கினார். அடுத்த மாதம் கார்டு பில்லும், பருப்புக் கடைக்குக் கொடுத்திருந்த செக்கும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. செக் திரும்பவில்லை. ஆனால் கணக்கில் மிஞ்சியது ஆழ்வார்குறிச்சிக்குப் போகிற பஸ் டிக்கெட் அளவுதான்.

அன்று என்னிடம் வந்து சொன்னார்: "பேங்க்காரன் பொய் சொல்லலை, பிள்ளே. ஆனா பாதியைத்தான் சொல்லுதான். நான் செக்கு குடுத்துட்டேன்னா அந்தத் துட்டு என்னுது இல்ல. கார்டைத் தேச்சுட்டேன்னாலும் என்னுது இல்ல. இவன் என்னடான்னா இருக்கு, இருக்குன்னு காட்டிக்கிட்டே இருக்கான்."

செக்கையும் கார்டையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்று மதினி கண்டுகொண்டது அப்போதுதான். இரண்டுமே கொடுப்பதாகச் சொல்லியாயிற்று, பணம் இன்னும் போகவில்லை என்கிற ஜாதி. அந்தத் துட்டைத் தனியாக ஒதுக்கிக் காட்ட ஒரு வழி வேண்டும் என்றார்.

இந்த மாதிரிச் சந்தர்ப்பத்துக்காகத்தானே நான் பொறியியல் படித்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து பதினான்கு பத்தியில் ஓர் அட்டவணை செய்து, அவருடைய போனில் போட்டுக் கொடுத்தேன். தேதி, செக் எண், யாருக்கு, எதற்கு, வட்டி, நிலுவை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். நிலுவை சிவப்பில் வரும், கட்டியது பச்சையில் வரும். மதினி அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இத்தனை வீடு கட்டியிருக்கியே, குடியிருக்கது யாரு?"

அதோடு, அரைத்த மாவும் எண்ணெயும் பட்ட விரலைப் போன் மதிக்கவே இல்லை. "என் விரலையே தெரியலைங்குது, என் கணக்கு இதுக்கு எங்கன தெரியப் போவுது?" என்று என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

அதன் பிறகு அவராகவே சில ஆராய்ச்சிகள் செய்தார். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் நாணயம் என்று கிண்ணத்தில் போட்டுவைத்தார்; பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாத நாளில் அவரே எடுத்துச் செலவழித்துவிட்டார். புளியங்கொட்டை போட்டார், அடுப்படியில் எது கணக்குக் கொட்டை, எது புளிக் கொட்டை என்று தெரியாமல் போயிற்று. கடைசியில் ஊரிலேயே விடை கிடைத்தது. கல்லிடைக்குறிச்சியில் எந்த வீட்டிலும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் பொருள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்கும் பொருள், எவரும் பச்சையாகத் தின்னாத பொருள் அப்பளம்.

முறை இதுதான். கைப்பிடி ஒடிந்துபோன ஒரு பழைய கேரியர் அடுக்கு. அதற்கு "அவங்கது" என்று பெயர். ஆயிரம் ரூபாய்க்குச் செக் எழுதினால் அதில் ஒரு சாதா அப்பளம் விழும். கார்டில் ஆயிரம் தேய்த்தால் ஒரு மிளகு அப்பளம் விழும். கார்டுக்கு ஏன் மிளகு என்று கேட்டேன். "அதுலதான வட்டி காரம் இருக்கு" என்றார். செக்கோ கார்டோ, முழு ஆயிரமாகத்தான் போடுவார். மிச்சத்தை ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுவார். வங்கியில் இருக்கிற தொகையைப் பார்த்து, அடுக்கில் இருக்கிற அப்பளத்தைக் கழித்தால், மீதி அவருடையது. அவ்வளவுதான்.

வங்கியிலிருந்து பணம் உண்மையிலேயே போய்விட்டால், போனுக்கு மெசேஜ் வரும். அந்தத் தொகைக்கு உண்டான அப்பளங்களை அடுக்கிலிருந்து எடுத்து, அன்றைக்கே பொரித்து எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டோடு அனுப்பிவிடுவார். கணக்கும் தீர்ந்தது, வீணாகவும் போகவில்லை. இதனால் மதினியின் வரவு செலவு எங்கள் அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. கேரியரைத் திறந்ததும் எங்கள் டீம் லீடர் பேச்சிமுத்து அறிவிப்பார்: "இன்னைக்கு மிளகு. மதினி கார்டு கட்டியாச்சு."

இந்த முறையிலும் சில பாதுகாப்புக் குறைபாடுகள் இருந்தன. ஐப்பசி மழையில் அப்பளங்கள் நமுத்துப்போய், மாதக் கணக்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வெயில் தலைகாட்டிய ஒருநாள் மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டார். ஒரு காக்கை வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆயிரம் ரூபாய்க் கடன் தீர்ந்துவிட்டதாகக் கொள்வதா என்று மதினி அரைநாள் யோசித்தார்.

"காக்கா தின்னுட்டுன்னா எண்ணெய்க் கடை அண்ணாச்சி விட்டுருவாரா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, புதிதாக ஓர் அப்பளத்தை எடுத்து வைத்தார். மறுநாளிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் மாடியில் கம்போடு காவல் இருந்தார்.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து பழகியவர். போனில் மணி அடித்தாலும் அதே ஒழுங்கு. மெசேஜைப் பார்த்து அப்பளம் எடுத்துப் பொரிக்கும் பொறுப்பை மதினி அவரிடம் விட்டிருந்தார். ஆங்கில எழுத்து அவருக்கு ஓடாது. எண் மட்டும் படிப்பார். வங்கியிலிருந்து வந்திருக்கிறதா, எண் எத்தனை, ஆயிரத்துக்கு ஒன்று, எண்ணெய் காயட்டும். இரண்டு வருஷம் ஒரு தப்பும் நடக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதினி ஆழ்வார்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமை வேலை பார்க்கிற பாவப்பட்டவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பதால், பதினொரு கேரியர்தான் அன்று. சமைத்து வைத்துவிட்டு, அனுப்புகிற வேலையை அண்ணாச்சியிடம் ஒப்படைத்திருந்தார். போனும் வீட்டில்தான் இருந்தது. பட்டுச் சேலைக்குப் போன் வைக்க இடம் இல்லை என்பது மதினியின் வாதம்.

காலை பத்து மணிக்கு வங்கியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அது ஒரு விளம்பரம். உங்களுக்கு மூன்று லட்சம் வரை கடன் தருகிறோம், வாருங்கள் என்று கூப்பிடுகிற விளம்பரம். அண்ணாச்சி எண்ணைப் பார்த்தார். மூன்று லட்சம். முந்நூறு அப்பளம். அடுக்கைத் திறந்தார். அதில் அவ்வளவு இல்லை. எல்லாக் கடனும் மொத்தமாகப் போய்விட்டது என்று தீர்மானித்து, இருந்த அத்தனையையும் பொரித்து டின்னில் அடைத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகும் அவர் மனசு ஒப்பவில்லை. கல்யாண வீட்டுக்காரர் நம்பரைத் தேடிப் பிடித்து மதினியைக் கூப்பிட்டார்.

"ஏளா, முந்நூறு பொரிக்கணும். அடுக்குல இருந்தது பத்தலை. மிச்சத்துக்குக் கடையில வாங்கிப் பொரிக்கட்டா?"

மதினி பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, வீட்டில் போனையும் செக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பாயசம் வருவதற்கு முன்னால் அவர் பந்தியை விட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சொன்னார்.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், அந்த அடுக்கில்தான் அவருடைய அடுப்பு மாட்டிக்கொண்டிருந்தது. சமையல் நடந்துகொண்டிருந்த கட்டடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போவதால், மாதக் கடைசிக்குள் அவர் காலி செய்ய வேண்டும். ஸ்டேஷன் பக்கம் ஓர் இடம் பார்த்திருந்தார். அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. முன்பு இருந்தவர் கொடுத்த செக் திரும்பி வந்ததில் புண்பட்டவர். அட்வான்ஸ் நாற்பதாயிரம், திங்கட்கிழமை காலை வந்து செக் வாங்கி, அன்றே வங்கியில் போடுவேன், பாஸ் ஆனால் சாவி, இல்லையென்றால் இடம் ஒரு மொபைல் கடைக்கு என்று சொல்லியிருந்தார். வங்கி இருப்பில் மதினியுடையது நாற்பதாயிரம் இருக்கிறதா, இல்லையா? அது அப்பளத்துக்குத்தான் தெரியும். அப்பளம் எங்கள் வயிற்றில் இருந்தது.

"மதினி, செக் புத்தகத்துல முன்னால குறிச்சு வைக்க ஒரு தாள் இருக்குமே?" என்றேன்.

எடுத்துக் காட்டினார். அந்தத் தாளில் கல்யாண சாம்பாருக்குக் காய் அளவு எழுதியிருந்தது.

"யாருக்கு எவ்வளவு குடுத்தியன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் வெச்சுக்கிடணும்னா அப்பளம் எதுக்கு?"

"கடைக்காரங்களுக்கு போன் போட்டுக் கேட்டுருவோம்."

மதினி என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வாரத்துக் கூட்டு கருகியிருக்கும். "உனக்கு எவ்வளவுக்குச் செக்கு குடுத்தேன்னு நானே அவன்ட்ட கேக்கணுமா? அன்னைக்கோட எனக்கு எவன் ஒரு படி பருப்பு கடன் குடுப்பான்?"

ஆக ஒரே வழிதான் இருந்தது. தின்றவர்களைக் கேட்பது. நான் மடிக்கணினியைத் திறந்து மூன்று பத்தி போட்டேன்: பெயர், சாதா, மிளகு. முதல் வரியில் என் பெயரைப் போட்டு, இரண்டு சாதா, ஒரு மிளகு என்று எழுதினேன். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

மனிதர்கள் வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பளத்தைக் குறைத்துச் சொல்வார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவர் "ஒண்ணோ ரெண்டோ" என்றார். இன்னொருவர் "உடைஞ்சதைத்தான் எடுத்தேன்" என்றார். ரஹ்மத் ஒன்று என்றாள். பேச்சிமுத்து கையை விரித்தார்.

"நான் டயட்ல இருக்கேன் மதினி. எண்ணெய்ப் பலகாரமே தொடுதது இல்ல."

"சட்டையில ஒட்டியிருக்கது என்ன தம்பி, விபூதியா?"

பேச்சிமுத்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு மீட்டிங் இருக்கிறது என்று உள்ளே போனார்.

கூட்டிப் பார்த்தேன். சாதா பத்தொன்பது, மிளகு பதினொன்று. வங்கி இருப்பு எண்பத்துமூவாயிரம். அதில் முப்பது போனால் ஐம்பத்துமூன்று. நாற்பதுக்குத் தாராளமாக செக் எழுதலாம். மதினி முகத்தில் வெளிச்சம் வந்தது. அண்ணாச்சிக்குச் சாயங்காலம் காபி உண்டு என்பது உறுதியானது போல இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. செக் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. ஆனால் கார்டில் எவ்வளவு தேய்த்திருக்கிறது என்று கார்டுக்காரனுக்குத் தெரியும். மதினியின் போனில் கார்டுச் செயலியைத் திறந்து பார்த்தேன். பதினேழாயிரம். ஆக மிளகு அப்பளம் பதினேழு இருந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் ஒப்புக்கொண்டது பதினொன்று.

"என்னட்டி முழிக்கே?" என்றார் மதினி.

"மதினி, மிளகுல ஆறு குறையுது. அதுல இவ்வளவு மறைச்சாங்கன்னா சாதாவுலயும் அதே மாதிரி மறைச்சிருப்பாங்க. அந்தக் கணக்குல பாத்தா சாதா பத்தொம்பது இல்ல. இருபத்தொம்பது கிட்ட வரும்."

"அப்போ?"

"அப்போ நாப்பது இருக்காது."

மதினி செக் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு எழுந்து நடுஹாலுக்குப் போனார். பட்டுச் சேலைக்காரர் ஒருவர் நடுஹாலில் நின்றால் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்வார்கள். அவர் திட்டவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தோம், அதுதான் சங்கடமாகிவிட்டது.

"நான் அப்பளத்துக்குக் காசு கேக்க வரலை. நீங்க எத்தனை தின்னாலும் எனக்குச் சந்தோசம்தான். திங்கக்கிழமை புது இடத்துக்கு நான் ஒரு செக்கு எழுதணும். எழுதலாமா கூடாதான்னு தெரியாம எழுத மாட்டேன். எழுதலேன்னா அடுத்த மாசம் எனக்கு அடுப்பு வைக்க இடம் கிடையாது. அவ்வளவுதான். இப்போ சொல்லுங்க."

மீட்டிங் அறைக் கதவு திறந்தது.

"மதினி," என்றார் பேச்சிமுத்து. "ஒம்பது."

"என்னது ஒம்பது?"

"ஆறு சாதா. மூணு மிளகு."

"இது என்ன டயட்டு தம்பி?"

"சோறு கம்மியாத்தான் சாப்பிட்டேன்."

ரஹ்மத் எழுந்தாள். "கோச்சுக்கிடாதிய மதினி. நான் ஒண்ணுதான் தின்னேன், அது நெசம். ஆனா தங்கச்சிக்குன்னு நாலு எடுத்து வெச்சேன்." டிபன் பையைத் திறந்து, இரண்டு சாதாவும் இரண்டு மிளகும் மேஜைமேல் வைத்தாள். ஒன்றுகூட நொறுங்கவில்லை. "இதைத் திருப்பிக் குடுத்தா நாலாயிரம் வருமா?"

"பொரிச்சது பொரிச்சதுதான். தங்கச்சிக்கே குடு," என்றார் மதினி.

அதன் பிறகு மற்றவர்களும் ஒவ்வொன்றாகக் கக்கினார்கள். ஒரு மிளகு, மூன்று சாதா. நான் கூட்டினேன். மிளகு பதினேழு. கார்டுச் செயலியோடு கச்சிதமாக ஒட்டியது. மிளகில் உண்மை சொன்னவர்கள் சாதாவிலும் உண்மை சொல்லியிருப்பார்கள். சாதா முப்பது. எண்பத்துமூன்றில் நாற்பத்தேழு போக முப்பத்தாறு. நாலாயிரம் குறைகிறது.

"மதினி, கார்டு பில் கட்ட இன்னும் ரெண்டு வாரம் இருக்கு," என்றேன். "அதுலேர்ந்து இப்போதைக்கு நாலாயிரம் எடுத்துக்கிடலாம்."

"அது அவங்கது."

"அடுத்த மாசச் சாப்பாட்டுக் காசை இப்பவே தந்துருதோம்," என்றார் பேச்சிமுத்து. ஒன்பது அப்பளத்தின் பாரம் அவர் குரலில் இருந்தது.

"திங்காத சோத்துக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

மதினியின் இரண்டு கொள்கைகளும் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. நடுவில் நாலாயிரம். அண்ணாச்சி அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்தார். கையில் புது அப்பளக் கட்டுகள் இரண்டு. அவருடைய முகத்தைப் பார்த்தால், நாற்பத்தேழையும் திரும்பப் பச்சையாக்க வழி உண்டா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது. மதினி கட்டுகளை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டியளா?" என்று மட்டும் கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

வழி கண்டுபிடித்தவள் ரஹ்மத். "மதினி, திங்காத சோத்துக்குத்தானே வேண்டாங்கிய? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சொதிச் சாப்பாடு போடுங்க. நாங்க எல்லாரும் வீட்டாளுகளோட வந்து தின்னுட்டே துட்டு தாரோம்."

சொதி என்றதும் ஹாலே நிமிர்ந்தது. தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் கல்யாணத்துக்கு மறுநாள்தான் எங்கள் பக்கம் கிடைக்கும். அதற்காகவே கல்யாணத்துக்குப் போகிறவர்கள் உண்டு. மதினி ஒரு நிமிஷம் அதைச் சுற்றிவந்து பார்த்தார். அவருடைய கொள்கையில் இடிக்கவில்லை.

"எத்தனை பேரு வருவிய?"

நான் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தேன். குறைத்துச் சொன்னவர்கள் எல்லாரும் இப்போது கூட்டிச் சொன்னார்கள். பேச்சிமுத்து தன் மச்சினன் குடும்பத்தைத் தென்காசியிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னார். மச்சினனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சியில் மூன்று பந்தி ஓடியது. தேங்காய் மதினி வீட்டு மரத்தில் பறித்தது; காய்க்கு மட்டும்தான் செலவு. அண்ணாச்சி தேங்காய் துருவினார், இலை போட்டார், தண்ணீர் வைத்தார், யார் கண்ணையும் பார்க்காமல் மறுசோறு பரிமாறினார். பேச்சிமுத்தும் மச்சினனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, "பச்சடியைத் தள்ளும்வே" என்ற அளவுக்குச் சமாதானமானார்கள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது, செலவு போக நாலாயிரத்துக்குச் சற்று மேலேயே நின்றது. மதினியும் நானும் அம்பாசமுத்திரம் போய், வங்கி வாசலில் இருக்கிற இயந்திரத்தில் போட்டோம். எண்ணெய் விரல் அதற்கு ஒன்றும் பிரச்சினையாக இல்லை.

திங்கட்கிழமை காலை இடத்துக்காரர் வந்தார். மதினி செக் எழுதும்போது சைபர்களை மூன்று தடவை எண்ணியதாக அண்ணாச்சி சொன்னார். கண்ணாடி போடாததால் என்று மதினி சொன்னார். மதினிக்கும் இடத்துக்காரருக்கும் ஒரே வங்கிக் கிளைதான்; செக் அங்கேயே உடனே பாஸ் ஆகிவிடும். இடத்துக்காரர் கவுன்ட்டரில் செக்கை நீட்டிவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். மதினி வாசல் படியில் உட்கார்ந்தார். நான் அலுவலகத்துக்குத் தாமதமாகும் என்று பேச்சிமுத்துவுக்குச் செய்தி அனுப்பினேன். "வெயிட் பண்ணு, பாத்துட்டு வா" என்று உடனே பதில் வந்தது. வேலை விஷயமாக நான் அனுப்பிய எதற்கும் அவ்வளவு வேகமாகப் பதில் வந்தது கிடையாது.

போனில் மணி அடித்தது. அண்ணாச்சி பழக்கத்தில் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார்.

"நீயே பாத்துரு. இது நெசமா, விளம்பரமான்னு எனக்குத் தெரியாது."

மதினி என்னிடம் நீட்டினார். நாற்பதாயிரம், போயாயிற்று. இடத்துக்காரர் உள்ளேயிருந்து சாவியோடு வந்தார். மதினி சாவியை வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்தார். இரண்டு நாளில் அண்ணாச்சி முதல் தடவையாகச் சிரித்தார்.

இப்போது நிலைமை இது. ஸ்டேஷன் பக்கத்து அடுப்படி நன்றாக நடக்கிறது. எழுபது கேரியர் தொண்ணூறாகியிருக்கிறது. செக் ஒன்றும் இதுவரை திரும்பவில்லை. விளம்பர மெசேஜ்கள் வராதபடி நான் நிறுத்திக் கொடுத்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நான் வேறு வேலையில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அம்மா நன்றாகவே சமைப்பார். இருந்தாலும் மதியம் பன்னிரண்டரைக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு கேரியர் வருகிறது. நிறுத்தச் சொல்லலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். இதுவரை சொல்லவில்லை.